அழி பொத்தானை நம்பிச் சந்தா கட்ட வேண்டாம்

எட்டு மாதமாகச் சந்தா கட்டி ஒரு ஏஐ அரட்டைச் செயலியைப் பயன்படுத்துகிறேன், பெயர் வேண்டாம். கடிதம் எழுத, நீண்ட ஆவணத்தைச் சுருக்க நன்றாகவே உதவுகிறது, அதற்கு நான்கு நட்சத்திரம். நான் சொல்ல வந்தது தனியுரிமைப் பக்கம்.

ஒரு நாள் சும்மா என் முழுப் பெயரைத் தட்டிக் கேட்டேன். நான் போகாத கல்லூரியில் படித்தேனாம், செய்யாத வேலையைச் செய்கிறேனாம், அதுவும் என்ன ஒரு நம்பிக்கையோடு! சரி, ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர் பொருந்தும் இடத்தில்தானே இருக்கிறோம், 15ஆம் பிரிவில் தகவல் கேட்கலாம், 16இல் திருத்தச் சொல்லலாம், 17இல் அழிக்கச் சொல்லலாம் என்று மூன்றையும் சேர்த்து எழுதிப் போட்டேன். ஒரு மாதத்தில் பதில் தர வேண்டும், சிக்கலான கோரிக்கை என்றால் இன்னும் இரண்டு மாதம் நீட்டிக்கலாம். 26ஆம் நாள் ஒரு ஜிப் கோப்பு வந்தது. உள்ளே நான் தட்டிய அரட்டைகள், பணம் கட்டிய விவரம், உள்நுழைந்த நேரம். செயலிக்குப் பின்னால் இருந்து பதில் தயாரிக்கும் மென்பொருளான மாடலைப் பயிற்றுவிக்க இணையத்திலிருந்து அள்ளியதில் என்னைப் பற்றி என்ன இருந்தது? ஒரு வரிகூட இல்லை.

திருத்தவும் அழிக்கவும் கேட்டதற்கு வந்த பதில்தான் வேடிக்கை. மாடல் அடுத்து எந்தச் சொல் வரும் என்று கணிக்கிறதாம், என்னைப் பற்றித் தனிப் பதிவேடு எதுவும் கிடையாதாம், அதனால் திருத்தவோ அழிக்கவோ இடமில்லையாம், வேண்டுமானால் என் பெயர் வரும் பதில்களைத் தடுத்துவிடுகிறார்களாம். தடுத்தும் விட்டார்கள். இப்போது என் பெயரைக் கேட்டால் வாயை மூடிக்கொள்கிறது, அதே பெயர் கொண்ட வேறு யாரைக் கேட்டாலும் அதே கதி, பாவம் அவர்கள். அவர்கள் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை உண்டு, மாடல் கற்றதைச் சேமிக்கும் கோடிக்கணக்கான எண்களுக்குள் கரைந்துபோன ஒரு பெயரைத் தனியே எடுப்பது கடலில் கரைத்த பெருங்காயத்தைத் திரும்பத் திரட்டுகிற வேலை. அதற்காக, தனிநபர் தரவில் பயிற்சி பெற்ற மாடலுக்குள் தனிநபர் தரவே இல்லை என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட முடியாது, ஒவ்வொரு மாடலாகத்தான் பார்க்க வேண்டும் என்று ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு வாரியமே 2024 டிசம்பரில் கருத்துரை தந்திருக்கிறது. எனக்கு வந்த கடிதமோ அப்படி ஒரு கேள்வியே எழாததுபோல் பேசுகிறது.

அப்புறம், பயிற்சிக்கு நம் அரட்டையை எடுத்துக்கொள்ளும் செட்டிங் முதலிலிருந்தே ஆனில் இருக்கிறது. அணைக்க மூன்று படி உள்ளே போக வேண்டும், அணைத்தாலும் இனிமேல் தட்டுவதற்குத்தான் பொருந்தும், பழையது போனது போனதுதான். 2023 மார்ச் இறுதியில் இத்தாலியின் தரவுப் பாதுகாப்பு அமைப்பு சாட்ஜிபிடிக்குத் தடை போட்டது, தரவை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்ற விளக்கமும் பயிற்சிக்கு மறுப்புத் தெரிவிக்க ஒரு படிவமும் வந்த பிறகுதான் ஏப்ரல் கடைசியில் அது அங்கே திரும்ப இயங்கியது. யாராவது கழுத்தில் கை வைத்தால்தான் இந்த அளவுக்காவது நகர்கிறார்கள்.

தனியுரிமைக்கு ஒன்றரை நட்சத்திரம், அந்த அரையும் 26 நாளில் பதில் போட்டதற்காக. சந்தாவை நிறுத்தவில்லை, வேலை நடக்க வேண்டுமே. ஆனால் அடுத்தவர் பெயர், சம்பளச் சீட்டு எதையும் இப்போது அதில் ஒட்டுவதில்லை. போன வாரம் அண்ணன் தன் ரத்தப் பரிசோதனை அறிக்கையைப் போட்டு விளக்கம் கேட்கப் போனார், கையிலிருந்து ஃபோனைப் பிடுங்கிவிட்டேன்.