ஹைலக்ஸ் சேசிஸின் மேல் 1951 செவர்லே: சில ஆண்டுகள் ஓட்டிய பிறகு

தென்னாப்பிரிக்காவின் டொங்காட்டிலிருந்து டர்பன் வார்விக் காலைச் சந்தைக்கு எங்கள் தாத்தா காய்கறி ஏற்றிச் சென்ற 1951ஆம் ஆண்டு செவர்லே 3100 பக்கி (பின்னால் சுமை ஏற்றும் பிக்கப் வண்டி), இன்று ஒரு டொயோட்டா ஹைலக்ஸ் பக்கியின் சேசிஸ், அதாவது அடிச்சட்டம், மீது ஓடுகிறது. 2005இல் அறிமுகமான தலைமுறையைச் சேர்ந்த அந்த ஹைலக்ஸின் 2.7 லிட்டர் பெட்ரோல் என்ஜினும் கியர்பாக்ஸும் பிரேக்கும் அப்படியே இதில் இருக்கின்றன. சில ஆண்டுகள் வேலைக்கு ஓட்டிப் பார்த்ததில் என் முடிவு இது: பழைய சேசிஸ் துருவால் வலுவிழந்து, வண்டியை நெடுஞ்சாலையில் உண்மையாகவே பயன்படுத்த வேண்டியவருக்கு இந்த மாற்றம் தகும். சேசிஸ் உறுதியாக இருந்து, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு மட்டும் எடுத்துப் போகும் வண்டியானால் அதைத் தொடாமல் விட்டுவிடுவதே நல்லது.

பழைய 216 கன அங்குல ஆறு சிலிண்டர் என்ஜினைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. 92 குதிரைத்திறனில் நிதானமாக, அலட்டிக்கொள்ளாமல் இழுக்கும் என்ஜின் அது. ஆனால் அதன் கனெக்டிங் ராடு (பிஸ்டனைக் கிராங்க் ஷாஃப்டுடன் இணைக்கும் தண்டு) பேரிங்குகள் பாபிட் என்ற மென்மையான உலோகம் வார்த்தவை. அவற்றுக்கு எண்ணெய் தெறிப்பு முறையில்தான் போய்ச் சேருகிறது என்பதால், அதிக வேகத்தில் நெடுநேரம் ஓட்டுவது அதற்கு ஆகாது. பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஏறும் என்3 சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே அந்த வண்டியை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்க முடியாது. அதைவிட என்னைக் கவலைப்படுத்தியது பிரேக். நான்கு சக்கரத்திலும் டிரம், அத்தனைக்கும் ஒரே சர்க்யூட் மாஸ்டர் சிலிண்டர். ஒரு குழாய் வெடித்தால் மொத்த பிரேக்கும் போய்விடும்.

அமெரிக்காவில் இந்த வேலைக்குப் பலர் செவர்லே எஸ்-10 சேசிஸைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதன் ஸ்டியரிங் இடப்பக்கம் இருப்பதால் நமக்கு உதவாது. ஹைலக்ஸோ டர்பனுக்குத் தெற்கே பிராஸ்பெக்டனில் தயாராகும் வண்டி. ஸ்டியரிங் வலப்பக்கம், உதிரிபாகம் எங்கும் கிடைக்கும். 3.0 டீசல் என்ஜினை வைக்கச் சொன்ன நண்பர்கள் உண்டு. அதன் இன்டர்கூலர் (டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விக்கும் பாகம்) என்ஜினுக்கு மேலே உட்கார்ந்திருப்பதால் பானெட்டில் காற்றுத்துளை வேண்டும். அந்த உருண்ட, அழகான பானெட்டை வெட்ட எனக்குச் சம்மதமில்லை. பெட்ரோல் என்ஜினில் டைமிங் பெல்ட்டுக்குப் பதிலாகச் செயின் இருப்பதும் ஒரு வசதி. எதை எடுத்தாலும் ஓடும் நிலையில் உள்ள முழு வண்டியாக, வயரிங், கம்ப்யூட்டர், இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்பு) சாவி எல்லாம் சேர்த்து வாங்குங்கள். தனித்தனியாகத் தேடிச் சேர்ப்பவர்கள் வயரிங்கில்தான் மாதக்கணக்கில் மாட்டிக்கொள்கிறார்கள்.

3100இன் வீல்பேஸ் (முன், பின் சக்கர மையங்களுக்கு இடையிலான தூரம்) 116 அங்குலம், அதாவது 2946 மில்லிமீட்டர். டபுள் கேப் ஹைலக்ஸில் அது 3085. இடையிலுள்ள 139 மில்லிமீட்டரைக் குறைக்காவிட்டால் பின்சக்கரம் மட்கார்டின் நடுவில் நிற்காது. கேபினுக்குப் பின்னால் சேசிஸ் நேராக ஓடும் இடத்தில் சாய்வாக வெட்டி, உள்ளே தகடு வைத்து, தேர்ந்த வெல்டர் ஒருவர் இணைத்துக் கொடுத்தார். அத்துடன் புரொப்பெல்லர் ஷாஃப்ட் (கியர்பாக்ஸிலிருந்து பின்அச்சுக்குப் போகும் சுழல்தண்டு), ஹேண்ட்பிரேக் கேபிள், பிரேக் குழாய், பெட்ரோல் குழாய் அனைத்தும் சுருங்க வேண்டும். நேரத்தைத் தின்றது கேபினின் உயரம். சேசிஸ் மீது நேராக வைத்தால் வண்டி கால் தூக்கி நிற்பதுபோல் தெரிகிறது. இறக்கினால் கியர்பாக்ஸ் கேபினின் தரைத்தகட்டில் முட்டுகிறது. அந்தத் தகட்டை வெட்டி, கியர்பாக்ஸை மூடும் புதிய டனல் (மேடு) அடித்த பிறகே தோற்றம் சரியாக வந்தது. சக்கரத்தின் ஆறு போல்ட் துளைகள் இரண்டு வண்டிகளிலும் ஒரே 139.7 மில்லிமீட்டர் வட்டத்தில் அமைந்திருப்பதைக் கண்டு மகிழ்ந்தேன். ஆயினும் பழைய ரிம் டிஸ்க் பிரேக்கின் காலிப்பரில் (டிஸ்க்கைப் பிடிக்கும் பாகம்) உரசியதால், அதே தோற்றத்தில் வேறு ரிம் மாட்டினேன்.

ஓட்டும்போது கிடைக்கும் வேறுபாடு பெரிது. 118 கிலோவாட் என்ஜின் ஃபீல்ட்ஸ் ஹில் ஏற்றத்தில் சலிக்காமல் ஏறுகிறது. பிரேக்கை மிதித்தால் வண்டி நேர்கோட்டில் நிற்கிறது. முதல் ஆண்டில் நூறு கிலோமீட்டர் வேகத்தை நெருங்கும்போது கேபின் தரையில் ஓர் அதிர்வு வந்தது. ஷாஃப்டின் நடு பேரிங்குக்குக் கீழே மெல்லிய தகடு வைத்துக் கோணத்தைத் திருத்தியதும் நின்றது. ஹைலக்ஸின் பின்பக்கப் பட்டை ஸ்பிரிங் ஒரு டன் சுமைக்கானது. மரப்பலகை போட்ட பழைய லோடு பாடி காலியாகப் போகும்போது துள்ளியதால் ஒரு பட்டையைக் கழற்றிவிட்டேன். 1951 மாடலில் பெட்ரோல் டேங்க் இருக்கைக்குப் பின்னால், கேபினுக்குள்ளேயே இருந்தது. ஹைலக்ஸின் டேங்க் வெளியே கீழே போனதால் பெட்ரோல் வாசனை ஒழிந்தது.

பழைய பெட்ரோல் மீட்டரை வைத்துக்கொள்ள விரும்புபவருக்கு ஓர் எச்சரிக்கை: டொயோட்டா சென்சாரின் மின்தடை பழைய செவர்லே மீட்டருக்கு நேர் எதிராக மாறுவதால், டேங்க் காலியாகக் காலியாக முள் நிரம்பியதாகக் காட்டும். சிறிய மாற்றுக் கருவி ஒன்றை இடையில் வைக்க வேண்டும். மீட்டர் 6 வோல்ட்டுக்கானது என்பதால் மின்னழுத்தத்தையும் குறைக்க வேண்டும்.

காகித வேலையை வெட்டும் முன்பே தொடங்குங்கள். சேசிஸ் எண்ணும் என்ஜின் எண்ணும் மாறிய வண்டிக்குக் காவல்துறையின் சோதனைச் சான்றும் சாலைத் தகுதிச் சான்றும் வேண்டும். ஹைலக்ஸை வாங்கிய ரசீது இல்லாவிட்டால் அங்கேயே நின்றுவிடும்.

இப்போது கேபினைத் தாங்கும் ரப்பர் மவுண்டுகள் கடற்காற்றில் வெடித்திருக்கின்றன. அதன் விளைவாகக் கதவு கீல்களுக்குப் பக்கத்தில் மெல்லிய விரிசல் ஒன்று தெரிகிறது. பாலியுரித்தேன் நீண்டநாள் உழைக்கும் என்றாலும், அதன் கடினம் அதிர்வை முழுவதும் பழைய தகட்டுக்கே அனுப்பிவிடும் என்பதால், மறுபடியும் ரப்பரையே போடப்போகிறேன்.