ஒரு ரூபாய் ட்ரையல் கேட்கும் ஆப்பா? பின் நம்பர் போடும் முன் இதைப் படியுங்கள்

வீட்டில் பெரியவர்கள் போனில் சீரியல் பார்க்கிறார்கள் என்றால், அவர்கள் கணக்கின் ஸ்டேட்மென்ட்டை இன்றைக்கே ஒரு தடவை திறந்து பாருங்கள். குறிப்பாக 99, 199, 299 என்று முடியும் சின்னத் தொகைகளை.

அம்மாவின் பென்ஷன் கணக்கில் மாதாமாதம் 299 ரூபாய் போய்க்கொண்டிருந்தது. எதிரே இருந்த பெயரை வீட்டில் யாரும் கேள்விப்பட்டதே இல்லை. யாரோ திருடுகிறார்கள் என்று நினைத்து வங்கிக்குப் போனோம். கவுன்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "சார், இது ஆட்டோபே, பணம் தானாவே போகும். அம்மாதான் பின் நம்பர் போட்டு ஒத்துக்கிட்டிருக்காங்க" என்றார். அதோடு அவர் வேலை முடிந்தது. எங்கே போய் நிறுத்துவது என்று கேட்டதற்கு, "அந்த ஆப்ல போய்ப் பாருங்க."

எந்த ஆப்? அதுதான் தெரியவில்லை. ஸ்டேட்மென்ட்டில் வருவது பெரும்பாலும் ஆப்பின் பெயர் இல்லை. அதை நடத்தும் கம்பெனியின் பெயரோ, பணத்தை வாங்கிக் கொடுக்கும் இடைக் கம்பெனியின் பெயரோதான். அம்மாவிடம் துருவித் துருவிக் கேட்ட பிறகு, ரெண்டு ரெண்டு நிமிஷமாகக் கதை ஓடும் ஒரு ஆப்பைச் சொன்னார். "ஒரு ரூபாதானேடா கேட்டுச்சு. புடிக்கலன்னு அப்பவே அழிச்சிட்டேனே!"

விஷயமே இங்கேதான் இருக்கிறது. ஆப்பை அழித்தால் ஆட்டோபே அழியாது. அந்த ஒரு ரூபாய்க்காக பின் நம்பர் போட்டபோதே, இனி மாதாமாதம் இவ்வளவு வரை எடுத்துக்கொள் என்ற அனுமதி வங்கியில் பதிவாகிவிட்டது. திரையில் 1 ரூபாய் கொட்டை எழுத்தில் இருக்கும். 299 என்பது கீழே, கண்ணாடி போட்டாலும் தெரியாத சாம்பல் நிறத்தில். அதன் பிறகு தவணை 15,000 ரூபாய்க்குள் இருக்கும்வரை ஒவ்வொரு முறையும் பின் கேட்கத் தேவையில்லை என்பது ரிசர்வ் வங்கியின் விதி. பணம் எடுக்க 24 மணி நேரம் முன்னால் தகவல் சொல்ல வேண்டும் என்பதும் விதிதான். வந்திருக்கிறது, இங்கிலீஷில், லோன் வேணுமா மெசேஜ்களுக்கு நடுவில். அம்மா எங்கே படிக்கப் போகிறார்?

நிறுத்துவது சுலபம், இடம் தெரிந்தால். போன்பே, ஜிபே என்று எதில் பின் போட்டார்களோ அதைத் திறந்து, புரொஃபைலுக்குள் போனால் ஆட்டோபே என்று இருக்கும். உள்ளே எல்லா அனுமதியும் வரிசையாகத் தெரியும். வேண்டாததை கேன்சல் செய்து பின் போட்டால் தீர்ந்தது. அந்தக் கம்பெனியின் தயவு தேவையில்லை. அங்கே இல்லையென்றால் பிளே ஸ்டோரில் சப்ஸ்கிரிப்ஷன் பகுதியைப் பாருங்கள். எங்களுக்கு அங்கே இன்னொன்றும் கிடைத்தது. ஜாதக ஆப். அது தனிக் கதை.

ஒரே ஒரு காரியம் செய்யாதீர்கள். அந்த ஆப்பின் கஸ்டமர் கேர் நம்பரை கூகுளில் தேடிக் கூப்பிடாதீர்கள். அப்படிக் கிடைக்கும் நம்பர்களில் போலிகள் நிறைய. ரீஃபண்ட் தருகிறோம், ஸ்க்ரீனைக் காட்டும் ஆப் ஒன்றைப் போடுங்கள் என்பார்கள். 299-க்குப் போய் மொத்த பென்ஷனையும் கொடுத்துவிட்டு வர வேண்டியதுதான்.

ஆட்டோபே பட்டியலில் இல்லாமல், யாரும் பின்னோ ஓடிபியோ கொடுக்காமல் பணம் போயிருந்தால் அது வேறு கேஸ். உடனே வங்கியிலும், 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணிலும் புகார் கொடுங்கள். வங்கியின் தப்பும் இல்லாமல் உங்கள் தப்பும் இல்லாமல் வெளியாள் செய்த மோசடி என்றால், தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் நஷ்டம் உங்கள் தலையில் விழக் கூடாது என்று 2017-இலேயே ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. எழுத்தில் கொடுத்து, புகார் எண்ணை வாங்கிக்கொண்டு வாருங்கள். வங்கி முப்பது நாளாகியும் அசையவில்லை என்றால் வங்கிகள் மேல் வரும் புகார்களை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம்.

எங்களுடையது அந்த வகை இல்லை. ஆனால் இப்படிச் சந்தாவில் மாட்டவைத்து, வெளியேறும் வழியை ஒளித்துவைப்பதை 2023 நவம்பரில் வந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டுதல் தடை செய்திருக்கிறது. அதைச் சொல்லி 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தோம். அதன் பிறகுதான் கம்பெனியிடமிருந்து மெயில் வந்தது: கடைசி மாதத்து 299 மட்டும் திரும்பத் தருவார்களாம், முந்தையது "பயன்படுத்தப்பட்ட காலம்" என்பதால் கிடையாதாம். அழித்த ஆப்பை எப்படிப் பயன்படுத்துவது என்று பதில் எழுதியிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை.