நான் படிக்கும் விமானப் பயிற்சிப் பள்ளி: விபத்துக்குப் பிறகு ஒரு விமர்சனம்

பள்ளியின் பெயரைப் போடவில்லை, வட இந்தியாவில் இருக்கிறது என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வணிக விமானி உரிமத்துக்காக வீட்டை அடமானம் வைத்துச் சேர்கிறவர்கள் நிறையப் பேர், எங்கள் வீடும் அப்படித்தான், அதனால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

இன்ஸ்ட்ரக்டர் இல்லாமல் தனியாகப் பறப்பதுதான் சோலோ. என் 3ஆவது சோலோவில் செஸ்னா 172 என்ற சின்ன விமானம் ஒன்றைத் தரையிறக்கும்போது விபத்து. 65 நாட் வேகத்தில் வரவேண்டியவன் 75இல் வந்தேன். வேகம் கூடினால் விமானம் சட்டென்று உட்காராது, ரன்வேக்கு மேலேயே மிதந்துகொண்டு போகும். பொறுமை இல்லாமல் மூக்கைக் கீழே தள்ளினேன். மூக்குச் சக்கரம் முதலில் பட்டு விமானம் எகிறியது, பயத்தில் மறுபடி தள்ள இன்னும் உயரமாக எகிறியது. முதல் எகிறலிலேயே என்ஜின் விசையைக் கூட்டும் த்ராட்டிலை முழுக்கக் கொடுத்து மேலே போயிருக்க வேண்டும், கை போகவில்லை. பின் சக்கரங்களின் கால்கள் வளைந்து கொடுக்கும் எஃகு, எவ்வளவோ தாங்கும், மூக்குச் சக்கரம் அப்படியில்லை. மூன்றாவது அடியில் அது மடிந்தது. தகர டப்பாவைத் தரையில் இழுத்த மாதிரி ஒரு சத்தம், அப்புறம் ஒன்றுமே கேட்கவில்லை. எரிபொருள் வால்வையும் மாஸ்டர் சுவிட்சையும் அணைத்துவிட்டு இறங்கிப் பார்த்தால், ப்ரொப்பெல்லரின் இரண்டு நுனிகளும் வெயிலில் வாடிய வாழையிலை போலப் பின்பக்கம் சுருண்டிருந்தன.

ஓடி வந்த தலைமை இன்ஸ்ட்ரக்டர் விமானத்தைத் திரும்பியே பார்க்கவில்லை. என் கழுத்தையும் முதுகையும் தொட்டுப் பார்த்து, வலிக்கிறதா என்று மூன்று தடவை கேட்டார். அன்றைக்கே விமானத் துறையைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏவுக்குத் தகவல் போனது, எனக்கு மூச்சுப் பரிசோதனையும் மருத்துவப் பரிசோதனையும் நடந்தன. எதையும் மூடி மறைக்கவில்லை, இதற்கு முழு மதிப்பெண்.

குறைகளும் பெரியவைதான். முதல் 20 மணி நேரத்தில் எனக்கு 3 இன்ஸ்ட்ரக்டர்கள் மாறினார்கள், ஆளுக்கு ஒரு பாணி. விமானம் எகிறினால் என்ன செய்வது என்று வகுப்பில் வாயால் சொன்னார்களே தவிர, சோலோவுக்கு முன்னால் ஒருமுறைகூட மேலே கூட்டிப்போய்ச் செய்ய வைக்கவில்லை. தப்பு என்னுடையது, சரி, ஆனால் அந்தப் பயிற்சி இருந்திருந்தால் கை தானாகப் போயிருக்கும் என்று இன்றும் நம்புகிறேன். விசாரணையில் இதைச் சொன்னேன், காது கொடுத்துக் கேட்டார்கள். இப்போது அதை முடிக்காமல் யாரையும் தனியாக அனுப்புவதில்லை.

பணம்: பழுதுச் செலவு இன்ஷூரன்சில் போயிற்று, என் தலையில் கட்டவில்லை. கூடுதலாக இன்ஸ்ட்ரக்டரோடு பறந்த 6 மணி நேரத்துக்கு மட்டும் முழுக் கட்டணம் வாங்கினார்கள். ப்ரொப்பெல்லர் தரையில் மோதினால் என்ஜினை முழுதாகப் பிரித்துப் பார்த்தாக வேண்டும், அதனால் அந்த விமானம் மாதக்கணக்கில் ஹேங்கரில் கிடந்தது. இருப்பதே 5 விமானங்கள், என்னால் மற்ற மாணவர்களின் மணிக்கணக்கும் தள்ளிப்போனது, அது இன்னும் உறுத்துகிறது. சேருவதற்கு முன்னால் எத்தனை விமானம் இருக்கிறது என்று கேட்காதீர்கள், இன்று காலை எத்தனை பறந்தது என்று கேளுங்கள்.

உரிமத்துக்கு 200 மணி நேரம் வேண்டும். என் லாக் புக்கில் இன்றைக்கு 71. மீதி 129ஐயும் இங்கேயேதான் பறக்கப் போகிறேன்.