மணலா, தண்ணீரா, உலோக இழையா? அணு உலைக் காற்றின் கடைசி வடிகட்டிகள்

அணுமின் நிலையத்தில் காற்றை வடிகட்டும் வேலை இரண்டு வகை. ஒன்று தினமும் நடப்பது. மற்றொன்று, நடக்கவே கூடாத ஒரு நாளுக்காகக் காத்திருப்பது. இரண்டுக்கும் ஒரே ஃபில்டர் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது.

தினசரி வேலையை ஹெப்பா ஃபில்டரும் கரியும் பார்த்துக்கொள்கின்றன. ஹெப்பா என்பது கண்ணாடி இழைத் தாளை நெருக்கமாக மடித்துச் செய்தது. 0.3 மைக்ரான் துகள்களில் 99.97 சதவீதத்தைப் பிடித்துவிடும். ஏன் 0.3 என்றால், அந்த அளவுத் துகள்தான் பிடிபடாமல் தப்புவதில் கெட்டிக்காரன். அதைவிடப் பெரியது வேகத்தில் போய் இழையில் மோதும். சிறியது அலைபாய்ந்தே ஒட்டிக்கொள்ளும். உலையில் உண்டாகும் கதிரியக்கப் பொருள்களில் சீசியம் போன்றவை துகளாக வருவதால் ஹெப்பாவில் சிக்கும். அயோடினில் ஒரு பகுதி வாயுவாக வரும், அது தாளைத் தாண்டிவிடும். அதற்குத்தான் பொட்டாசியம் அயோடைடோ ட்ரைஎத்திலீன்டையமீனோ ஊட்டிய கரி. இந்த வேதிப்பொருள் இல்லாவிட்டால் மெத்தில் அயோடைடு வடிவில் வரும் அயோடின் கரியையும் ஏமாற்றிவிடும். ஈரக் காற்று பட்டால் கரியின் நுண்துளைகளில் தண்ணீர் ஏறிக்கொள்ளும் என்பதால் அதற்கு முன்னால் ஹீட்டரும் வைக்கிறார்கள்.

துகளுக்கும் வாயுவுக்கும் உள்ள இந்த வித்தியாசத்தை உலகம் கற்றுக்கொண்ட இடம் இங்கிலாந்தின் விண்ட்ஸ்கேல் அணு உலை வளாகம். அங்கே உலையைக் குளிர்வித்த காற்று நேராகப் புகைபோக்கி வழியே வெளியே போனது. இயற்பியலாளர் ஜான் காக்கிராஃப்ட் பிடிவாதமாக நின்று, புகைபோக்கிகளின் உச்சியில் ஃபில்டர் வைக்க வைத்தார். வீண் வேலை என்று அதற்குக் கேலிப்பெயரே சூட்டினார்கள். 1957 அக்டோபரில் உலை தீப்பிடித்தபோது துகள்களில் பெரும்பகுதியைத் தடுத்தது அந்த ஃபில்டர்தான். ஆனால் அயோடின்-131 அதைத் தாண்டிப் போனது. சுமார் 500 சதுர கிலோமீட்டர் பரப்பில் கறந்த பாலைக் கொட்ட வேண்டியதாயிற்று.

இப்போது அந்த மோசமான நாளுக்கு வருவோம். எரிபொருள் உருகுகிறது, உலையைச் சுற்றி மூடியிருக்கும் கவசக் கட்டடத்துக்குள் நீராவியும் ஹைட்ரஜனும் சேர்ந்து அழுத்தம் ஏறிக்கொண்டே போகிறது. கட்டடம் வெடிப்பதைவிட, அழுத்தத்தை நாமாகவே கொஞ்சம் வெளியே விடுவது மேல். இதைத்தான் வென்ட் என்கிறார்கள். அந்தச் சூடான ஈரக் காற்றுக்கு ஹெப்பா தாள் தாங்காது, கிழிந்துவிடும். அதற்கென்றே மூன்று வழிகள் வந்தன.

பிரான்ஸ் மணலைத் தேர்ந்தெடுத்தது. தன் அழுத்த நீர் உலைகள் அனைத்துக்கும் மணல் படுகை வைத்தது. சுமார் 80 சென்டிமீட்டர் ஆழ மணல், அதற்கு முன்னால் கவசத்துக்குள் ஓர் உலோக முன்வடிகட்டி. அவ்வளவுதான். கலக்க வேண்டிய மருந்து இல்லை, தண்ணீர் மட்டம் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் பிடிப்பது பெரும்பாலும் துகள்களை மட்டுமே. வாயு அயோடினில் கொஞ்சம் நிற்கும். மெத்தில் அயோடைடு அப்படியே போய்விடும். நிலநடுக்கத்தைத் தாங்கும்படி இது வடிவமைக்கப்படவில்லை என்ற கேள்வியும் ஃபுகுஷிமாவுக்குப் பிறகு எழுந்தது.

ஸ்வீடன் கதை இன்னும் சுவாரஸ்யம். கோபன்ஹேகனுக்கு எதிர்க்கரையில் இருந்த பார்செபெக் நிலையத்தில் 1985-ல் 10,000 கன மீட்டர் ஜல்லியை நிரப்பி ஒரு பிரமாண்ட வடிகட்டி கட்டினார்கள். அடுத்து ஃபோர்ஸ்மார்க், ஒஸ்கார்ஷம், ரிங்ஹால்ஸ் ஆகிய மூன்று நிலையங்களுக்கும் செய்தபோது ஜல்லியை விட்டுவிட்டுத் தண்ணீருக்கு மாறினார்கள். அதே நாடு, சில வருட இடைவெளி. எது கைக்கு அடக்கமானது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியவில்லை.

தண்ணீர் வழியின் உயிர் வென்ச்சுரிக் குழாயில் இருக்கிறது. வாயு குறுகிய கழுத்து வழியே வேகமாகப் பாயும்போது அங்கே அழுத்தம் குறைந்து, சுற்றியுள்ள தண்ணீர் தானாக உள்ளே இழுக்கப்படும். பெயின்ட் அடிக்கும் ஸ்பிரே கன்னில் நடப்பதும் இதுதான். தண்ணீர் நுண்துளிகளாகச் சிதறித் துகள்களை வாரிக்கொள்கிறது. பம்ப் வேண்டாம், மின்சாரம் வேண்டாம். தண்ணீரில் சோடியம் ஹைட்ராக்சைடும் சோடியம் தயோசல்ஃபேட்டும் கரைத்து வைப்பார்கள். தயோசல்ஃபேட் அயோடினை அயோடைடாக மாற்றித் தண்ணீரிலேயே கட்டிப்போடும். காரத்தன்மை அது மறுபடி வாயுவாவதைத் தடுக்கும். தொல்லைகளும் உண்டு. பிடிபட்ட கதிரியக்கப் பொருள்களின் வெப்பத்தில் தண்ணீர் கொதித்து வற்றும், ஒரு நாளைக்குப் பிறகு நிரப்பியாக வேண்டும். முதலில் குளிர்ந்த நீரில் நீராவி சுருங்கும்போது ஹைட்ரஜன் விகிதம் கூடும், அது வெடிக்காமலிருக்க உள்ளே நைட்ரஜன் அடைத்து வைக்கிறார்கள். கடைசியில் கதிரியக்கத் திரவம் ஒரு தொட்டி நிறைய மிஞ்சும். மெத்தில் அயோடைடு இங்கேயும் பெருமளவு நழுவுகிறது.

அந்த ஓட்டையை அடைப்பது உலர் வழி. உலோக இழை அடுக்குகள் துகள்களைப் பிடிக்கும். அடுத்து வெள்ளி ஏற்றிய ஜியோலைட் என்ற நுண்துளைக் கனிமம், அயோடினை வெள்ளி அயோடைடாகப் பிணைத்துக்கொள்ளும், மெத்தில் அயோடைடையும் சேர்த்துத்தான். தண்ணீரே இல்லாததால் திரவக் கழிவும் இல்லை. ஆனால் ஜியோலைட் நனைந்தால் வேலை கெடும், இழை அடுக்கு கொள்ளும் துகள் அளவுக்கு எல்லை உண்டு, வெள்ளி மலிவான சரக்கும் அல்ல.

எது மேல்? தண்ணீரும் அதன் பின்னால் ஜியோலைட்டும் என்பது என் முடிவு. துகள் சுமையைத் தண்ணீர் தாங்கும். மிச்ச அயோடினை வெள்ளி பார்த்துக்கொள்ளும். ஜப்பானின் காஷிவாசாகி-கரிவா நிலையமும் இந்த வழிக்கே வந்தது: தண்ணீர்த் தொட்டி, உலோக ஃபில்டர், கடைசியில் வெள்ளி ஜியோலைட். மணலைப் பழைய உலைகளுக்கான ஏற்பாடாக மட்டுமே ஏற்கலாம். அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் 2013-ல், அதிகாரிகள் பரிந்துரைத்தும் ஃபில்டரைக் கட்டாயமாக்காமல் உறுதியான வென்ட் குழாயோடு நிறுத்திக்கொண்டது எனக்குச் சரியாகப் படவில்லை.

நம் கூடங்குளத்தில் கேள்வி சற்று வேறு. அங்கே கவசச் சுவர் இரட்டை. இரண்டுக்கும் நடுவே கசிந்து வருவதை மின்சாரம் இல்லாமலே இழுத்து வடிகட்டும் ஏற்பாடு உண்டு. அது கசிவுக்கானது, அழுத்தத்தை இறக்கும் வென்ட் வடிகட்டியோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

சதவீதங்களை ஒப்பிடுபவர்கள் வால்வை மறந்துவிடுகிறார்கள். 2011 மார்ச் 12 அன்று ஃபுகுஷிமா முதல் உலையில் வென்ட்டைத் திறக்க மின்சாரமும் இல்லை, அழுத்தக் காற்றும் இல்லை. முதலில் போன ஊழியர்கள் ஒரு வால்வைக் கையால் திருகிக் கால்வாசி திறந்தார்கள். அடுத்த வால்வைத் தேடிப் போனவர்கள் கதிர்வீச்சு தாங்காமல் பாதியில் திரும்பினார்கள். எங்கிருந்தோ ஒரு கம்ப்ரசர் கொண்டுவந்து வேலையை முடிக்கப் பிற்பகல் ஆகிவிட்டது, 3.36-க்குக் கட்டடத்தின் மேற்பகுதி வெடித்தது. அதனால்தான் காஷிவாசாகியில் வால்வுகளை நீண்ட தண்டு மூலம் வெளியே நின்றபடியே கையால் திருகும்படி அமைத்திருக்கிறார்கள்.

எதனோடும் எளிதில் சேராத செனான் போன்ற மந்த வாயு மட்டும் இந்த மூன்றில் எதிலும் நிற்காது. செனான்-133-ன் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலம், 5.2 நாள், கவசத்துக்குள் அடைபட்டிருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அது கொஞ்சம் குறையும். எனவே முடிந்த மட்டும் வென்ட்டைத் தள்ளிப்போட்டு, அந்த இடைவெளியில் சுற்றுவட்டார மக்களை வெளியேற்றுகிறார்கள்.