சர்வீஸுக்கு விட்ட பழைய ஜப்பான் மவுண்டன் பைக்: திருகோணமலைக்காரர் கவனத்துக்கு

திருகோணமலையில் பழைய ஜப்பான் மவுண்டன் பைக் வைத்திருப்பவர்கள், அதை எந்தக் கடையிலாவது ஓவர்ஹோலுக்கு விட்டுவிட்டு வர நினைத்தால், முதலில் இதை வாசியுங்கள். என் சைக்கிளில் இருந்த நல்ல சாமான்களைக் கழற்றி எடுத்துவிட்டு, மலிவான சாமான் போட்டுத் திருப்பித் தந்தார்கள். அதற்குச் சர்வீஸ் காசும் வாங்கினார்கள்.

கடையின் பெயரை இங்கே போடவில்லை. முறைப்பாடு கொடுத்திருக்கிறேன், அது அதன் வழியில் போகட்டும். எனக்கு முக்கியம், இந்த வேலை எப்படி நடக்கிறது, அதை எப்படிப் பிடிப்பது என்பது எல்லோருக்கும் தெரிவதுதான்.

என்னுடையது கொள்கலனில் வந்த ஜப்பான் சைக்கிள். இரும்பு பிறேம், கியர் சாமான் எல்லாம் ஜப்பானின் ஷிமானோ கம்பனி செய்த டியோர் எக்ஸ்.ரி., எம்730 என்ற தொகுதி. கடற்கரை ஊரில் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், உப்புக்காற்று சீற் போஸ்டையும் பெடல் அச்சையும் பிறேமோடு ஒட்டவைத்துவிடும். அதை இளக்கி, போல்ஸ் (பேரிங் குண்டுகள்) கழுவி, கிறீஸ் போட்டுத் தரச் சொல்லித்தான் விட்டேன். சாமான் எதையும் மாற்றச் சொல்லவில்லை.

திரும்ப வந்தபோது சைக்கிள் பளபளவென்று இருந்தது. உவர்மலை ஏற்றத்தில் மிதித்தபோதுதான் செயின் பாயத் தொடங்கியது. கேபிளை இறுக்கினால் மேல் பற்களில் சரி, கீழ்ப் பற்களில் பிழை. தளர்த்தினால் மறுபக்கம் பிழை. இறங்கிப் பின் சில்லைப் பார்த்தேன். ஆறு பல்சக்கரம் இருக்கவேண்டிய இடத்தில் ஏழு இருந்தது. ஷிமானோவின் ஆறு கியர் அடுக்கில் ஒரு சக்கரத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவில் 5.5 மில்லிமீற்றர், ஏழு கியரில் 5 மில்லிமீற்றர். ஆறு கிளிக் ஷிப்டர், அதாவது ஹாண்டிலில் இருக்கும் கியர் மாற்றும் பிடி, ஏழு கியர் அடுக்கை ஒருபோதும் சரியாக ஓட்டாது. அந்த அரை மில்லிமீற்றர் ஒவ்வொரு கிளிக்கிலும் சேர்ந்துகொண்டே போகும்.

சில்லின் நடுவில் இருக்கும் ஹப்பே வேறு. எக்ஸ்.ரி. ஹப்பில், மிதிக்காதபோதும் சில்லைச் சுற்றவிடும் ஃப்ரீவீல் பொறி ஹப்போடு சேர்ந்தே இருக்கும், வலப்பக்கப் போல்ஸ் அச்சின் நுனிவரை தள்ளி நிற்கும், அதனால் அச்சு இலேசில் வளையாது. இப்போது போட்டிருந்தது திருகி ஏற்றும் சாதாரண ஃப்ரீவீல். பாரம் ஏற்றி மேடு பள்ளத்தில் ஓடினால் அச்சு வளைவது இந்த வகையில்தான் அதிகம். வித்தியாசம் விலையில் மட்டுமல்ல, சைக்கிளின் உறுதியிலும் இருக்கிறது. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

பிறகு பின் டிரெய்லியரைப் பார்த்தேன், செயினைப் பல்லுக்குப் பல் தள்ளும் அந்தக் கை. அதிலும் ஷிமானோ என்றுதான் இருந்தது. கடைக்காரர் நம்பியதும் அந்தப் பெயரைத்தான். திருப்பி முதுகைப் பார்த்தால் ஆல்ட்டஸ், ஷிமானோவின் மலிவான வகை, கீழே எஸ்-டி என்று இரண்டு எழுத்து.

இந்த இரண்டு எழுத்தைப் பற்றித்தான் எல்லோருக்கும் சொல்ல விரும்புகிறேன். ஷிமானோ தன் சாமான்களில் வெளியே தெரியாத பக்கத்தில் இரண்டு ஆங்கில எழுத்தைச் சிறிதாக அடித்துவிடும். முதல் எழுத்து ஆண்டு: ஏ என்றால் 1976, பி 1977, இப்படியே ஒவ்வோர் எழுத்துக்கும் ஒவ்வோர் ஆண்டாக எல் 1987, எம் 1988, எஸ் 1994, கடைசியில் இஸட் 2001. இரண்டாம் எழுத்து மாதம்: ஏ ஜனவரி, பி பெப்ரவரி, எல் என்றால் டிசம்பர். 2002 இல் எழுத்துகள் மறுபடி ஏ யில் தொடங்கின. ஆகவே எழுத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்கக்கூடாது, சாமானின் மாடல் எண்ணையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். எம் என்ற எழுத்து 1988 ஆகவும் இருக்கலாம், 2014 ஆகவும் இருக்கலாம். எம்730 என்ற எண்ணும் கூடவே இருந்தால் 1988 தான். சன்டூர் என்ற மற்ற ஜப்பான் கம்பனியின் சாமானிலும் எழுத்து இருக்கும், ஆனால் அதன் ஆண்டுக் கணக்கு வேறு. ஷிமானோக் கணக்கை அதில் போட்டுப் பார்க்காதீர்கள்.

என் சைக்கிளில், பெடல் பூட்டும் கிராங் கையின் உட்பக்கம் எல்-எல், அதாவது 1987 டிசம்பர். பழைய டிரெய்லியரில் எம்-ஏ, 1988 ஜனவரி. சாமான் செய்து சில மாதம் கழித்துத்தான் சைக்கிளில் பூட்டப்படும், ஆகவே இது 1988 மாடல் என்று சொல்லலாம். மற்ற அடையாளங்களும் அதோடு ஒத்துப்போகின்றன. ஹாண்டிலின் மேலே நிற்கும் தம்ப் ஷிப்டர், 1990 இல் வந்த, ஹாண்டிலுக்குக் கீழே இருக்கும் ராப்பிட்ஃபயர் அல்ல. முன் பல்சக்கரம் வட்டமாக இல்லாமல் கோணலாக இருக்கும் பயோபேஸ். பின் பிறேக் சீற்றுக்குக் கீழே இல்லை, பெடல் அச்சில் இருந்து பின் சில்லுக்குப் போகும் குழாய்களின் அடியில் பூட்டிய யூ-பிறேக். அந்தச் சில ஆண்டுகளில் வந்த மவுண்டன் பைக்குகளில்தான் இதை அதிகம் காணலாம். சேறு அடைக்கும் என்று ஓட்டுனர்கள் குறைசொன்னதால் சீக்கிரமே மறைந்துபோனது. 1996 இல் வீ-பிறேக் வந்த பிறகு எல்லாமே மாறியது.

இவ்வளவு ஒத்துப்போகிற சைக்கிளில் டிரெய்லியர் மட்டும் 1994 ஏப்ரல் என்றால், யாரோ மாற்றியிருக்கிறார்கள். யார், எப்போது என்பதுதான் கேள்வி. கடைக்காரர் அதைத்தான் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, இது பழைய சாமான். ஜப்பான்லயே ஆரும் மாத்தியிருப்பாங்க. நாங்க கழுவித்தான் போட்டம்."

நியாயமான பேச்சுப்போலத்தான் இருக்கும். செயின், பல் அடுக்கு, பெடல், ரயர் எல்லாம் தேய்கிற சாமான், இடையில் மாறியிருப்பது வழமை. ஒரு சாமானின் எழுத்து பிந்தியது என்பதை மட்டும் வைத்து யாரையும் கள்ளன் என்று சொல்ல முடியாது. ஆனால் சைக்கிளைக் கொடுக்கும்முன் ஒவ்வொரு சாமானின் முதுகையும் போனில் படமெடுத்து வைத்திருந்தேன். எம்-ஏ தெளிவாகத் தெரியும் படத்தைக் காட்டினேன்.

"அண்ணன், இது உங்கட கடை வாசலில எடுத்த படம். பின்னால உங்கட போர்ட் தெரியுது."

அதன்பிறகு பேச்சு மாறியது. உப்பில் இறுகிப்போச்சு, எறிந்துவிட்டோம் என்றார். எறியும்முன் ஏன் என்னிடம் கேட்கவில்லை என்றேன். வேலை செய்யும் பெடியன் மாறிப் போட்டிருப்பான் என்றார். கடைசியில் ஓர் அட்டைப்பெட்டிக்குள் இருந்து டிரெய்லியர் வந்தது, எண்ணெய் போட்டுத் துடைத்து, விற்பனைக்கு ஆயத்தமாக. எழுத்து எம்-ஏ. எறிந்த சாமான் பெட்டிக்குள் எப்படி வந்தது என்பதற்குப் பதில் வரவில்லை. பின் சில்லு மட்டும் போய்விட்டது என்றார்கள்.

இதற்குக் காரணம் விலைதான். எக்ஸ்.ரி. யின் அந்தக்காலச் சாமானைத் தனித்தனியாக இணையத்தில் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், வெளிநாட்டிலும் கொழும்பிலும். 2022 பெற்றோல் வரிசைக் காலத்தில் வீட்டு மூலையில் கிடந்த இந்தச் சைக்கிள்கள் எல்லாம் தெருவுக்கு வந்தன. சொந்தக்காரர் பலருக்குத் தங்கள் சைக்கிளில் என்ன இருக்கிறது என்று தெரியாது. நிலாவெளிப் பக்கம் மீன்கூடை கட்டி ஓடுகிற ஒரு சைக்கிளில் நல்ல எக்ஸ்.ரி. கிராங்கைக் கண்டிருக்கிறேன். அந்த ஐயாவிடம் யாராவது புதுக் கிராங் சும்மா போட்டுத்தாறன் என்று கேட்டால் சந்தோசமாகச் சம்மதிப்பார். அப்படிப்பட்டவர்களை ஏமாற்றுவது இன்னும் கேவலம்.

ஆகவே கொடுக்கும்முன் படமெடுங்கள். கிராங்கின் உட்பக்கம், டிரெய்லியரின் முதுகு, பிறேக் பிடியின் உட்புறம், ஹப்பின் எழுத்து, பெடல் அச்சுக்கு அடியில் பிறேமில் அடித்த இலக்கம். அழுக்கை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தால் எழுத்து தெரியும். பல்சக்கரங்களை எண்ணி எழுதுங்கள். கழற்றிய பழைய சாமான் எல்லாம் திருப்பித் தரவேண்டும் என்று முதலிலேயே சொல்லி, பில்லில் எழுதிக் கேளுங்கள். எனக்குத் தந்த பில்லில் சர்வீஸ் என்ற ஒரு சொல்லும் தொகையும்தான் இருந்தன. பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம். பில்லும் படமும் கையில் இருந்தால்தான் பேச வாய் இருக்கும். நல்ல பாஸ்மாரும் ஊரில் இருக்கிறார்கள், படம் எடுக்கிறேன் என்றால் அவர்கள் கோபிக்கமாட்டார்கள்.

என் பின் சில்லு இன்னும் கிடைக்கவில்லை. 26 அங்குலம், ஹப்பின் ஓட்டில் டியோர் எக்ஸ்.ரி. என்று எழுதியிருக்கும், ஆறு பல்சக்கரம், அதில் மிகச் சிறியது தனியாகத் திருகி இறுகும் யூனிகிளைட் வகை. திருகோணமலையிலோ கிண்ணியா, மூதூர்ப் பக்கமோ யாராவது அப்படி ஒன்றை விற்கக் கொண்டுவந்தால், வாங்கும்முன் இந்தப் பதிவுக்குக் கீழே ஒரு வரி எழுதுங்கள்.