ரிஜிஸ்டர் மேரேஜ் என்றால் எது? மூன்று சட்டங்களும் ஒரு சான்றிதழும்

"ரிஜிஸ்டர் மேரேஜ் பண்ணிக்கிட்டாங்களாம்" என்று ஊரில் யாராவது குரலைத் தாழ்த்திச் சொன்னால், வீட்டுக்குத் தெரியாமல் நடந்த கல்யாணம் என்று அர்த்தம். அதே ஊரில், மண்டபத்தில் ஆயிரம் பேருக்குச் சாப்பாடு போட்டுக் கல்யாணம் முடித்த பையன் "இன்னும் மேரேஜ் ரிஜிஸ்டர் பண்ணலை" என்பான். அது வேறு, இது வேறு. முன்னது சார்பதிவாளர் முன்னால் கல்யாணமே செய்துகொள்வது. பின்னது முடிந்துபோன கல்யாணத்தைப் பதிவேட்டில் ஏற்றுவது. இரண்டையும் ஒரே பெயரில் அழைப்பதால்தான் ஆபீஸ் போனதும் எந்த விண்ணப்பம் என்று முழிக்கிறோம்.

தமிழ்நாட்டில் பெரும்பாலோர் முன்னால் இருக்கும் வழிகள் மூன்று: தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம் 2009, இந்து திருமணச் சட்டம் 1955, சிறப்புத் திருமணச் சட்டம் 1954. முதல் இரண்டும் நடந்ததைப் பதிபவை. மூன்றாவது கல்யாணத்தையே நடத்திவைக்கும் சட்டம். எதைத் தேர்ந்தெடுப்பது என்பது பாதி உங்கள் விருப்பம், பாதி உங்கள் நிலைமை.

2009 சட்டத்தில் இருந்து ஆரம்பிக்கலாம். எந்த மதமாக இருந்தாலும் எல்லாத் திருமணங்களையும் பதிய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2006 பிப்ரவரி 14 அன்று சொன்னது. (தேதியைப் பார்த்துச் சிரிப்பு வந்தால் நான் பொறுப்பில்லை.) அதன் தொடர்ச்சியாக வந்த சட்டம் 2009 நவம்பர் 24 முதல் நடப்பில் இருக்கிறது. அன்றிலிருந்து தமிழ்நாட்டில் நடக்கும் எல்லாக் கல்யாணத்துக்கும் இது பொருந்தும். சர்ச் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டாயிற்று, ஜமாஅத் புத்தகத்தில் நிக்காஹ் ஏறிவிட்டது என்று இருந்துவிட முடியாது. இதிலும் பதிய வேண்டும். கட்டணம் கொஞ்சம்தான்: 90 நாளுக்குள் 100 ரூபாய், அதற்குப் பிறகு 60 நாள் வரை 150 ரூபாய்.

ஆரம்பத்தில் இதில் ஒரு தொல்லை இருந்தது. கல்யாணம் எந்த இடத்தில் நடந்ததோ அந்த எல்லையில் இருக்கும் அலுவலகத்தில்தான் பதிய முடியும். மாப்பிள்ளை கோயம்புத்தூர், பெண் தஞ்சாவூர், தாலி கட்டியது திருச்செந்தூர் என்றால் மூன்றாவது ஊருக்கு அலைய வேண்டும். 2020இல் திருத்தம் வந்தபின் மணமக்களின் இருப்பிடத்திலும் பதியலாம் என்றானது.

இந்து திருமணச் சட்டத்தின் 8ஆம் பிரிவில் பதிவதற்கு நாள் கெடு கிடையாது. கல்யாணமாகி இருபது வருடம் கழித்து, பிள்ளை வெளிநாட்டில் வேலை வாங்கி அப்பா அம்மாவை அழைக்கும்போது சான்றிதழ் தேடும் தம்பதிக்குக் கைகொடுப்பது இதுதான். கோயிலில் ஐயர் வைத்து நடந்ததா, சுயமரியாதைத் திருமணமா என்பது பிரச்சினை இல்லை. அண்ணா ஆட்சியில் 1967இல் சேர்த்த 7ஏ பிரிவின்படி உற்றார், நண்பர்கள் முன்னிலையில் இருவரும் தங்களுக்குப் புரியும் மொழியில் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொன்னால் ஒன்று, மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டால் ஒன்று, தாலி கட்டினால் ஒன்று. இதில் எது நடந்திருந்தாலும் போதும். வக்கீல்கள் நடத்திவைக்கும் சுயமரியாதைத் திருமணம் செல்லுமா என்று ஒரு இழுபறி இருந்தது. செல்லும் என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஆனால் இந்தச் சட்டத்துக்கு ஒரு வேலி உண்டு. இருவருமே இந்து, பௌத்த, சமண, சீக்கியர்களாக இருக்க வேண்டும். ஒருவர் இந்து, இன்னொருவர் கிறிஸ்தவர், கோயிலில் தாலி கட்டி இந்தச் சட்டத்தில் பதிந்தும் விட்டார்கள் என்று வையுங்கள். அந்தத் திருமணம் செல்லாது. இதே மாதிரி ஒரு வழக்கில் 2008இல் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் தீர்ப்பளித்தது. "அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்" என்று சொல்லும் ஆள் அன்றைக்கு நீதிமன்றத்துக்கு வரமாட்டார்.

இன்னொன்று. பதிவு மட்டும் கல்யாணம் ஆகாது. 2024இல் விமானிகள் இருவரின் வழக்கு வந்தது. சடங்கு எதுவும் நடக்கவில்லை, கையில் சான்றிதழ் மட்டும் இருந்தது. விசா போன்ற காரியங்களுக்காகச் சடங்குக்கு முன்பே பதிந்துவைக்கும் பழக்கத்தையும் சேர்த்துக் கண்டித்த உச்ச நீதிமன்றம், சடங்கு இல்லாத இந்துத் திருமணம் திருமணமே இல்லை என்று அந்தச் சான்றிதழைச் செல்லாததாக்கியது. நிச்சயதார்த்தத்துக்கும் முகூர்த்தத்துக்கும் நடுவில் "சும்மா ரிஜிஸ்டர் பண்ணி வச்சிடலாம்" என்று யோசிப்பவர்கள் இந்தத் தீர்ப்பை ஒருமுறை நினைத்துக்கொள்ளட்டும்.

அப்படி முன்னதாகவே சட்டப்படி கணவன் மனைவி ஆக வேண்டுமென்றால் நேர்வழி சிறப்புத் திருமணச் சட்டம். இதில் சடங்கு தேவையில்லை. திருமண அலுவலரும் மூன்று சாட்சிகளும் இருக்க, ஒருவரையொருவர் ஏற்பதாக இருவரும் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். மதம் குறுக்கே வராது. இதில் கிடைக்கும் சான்றிதழ் திருமணம் நடந்ததற்கு முடிவான சாட்சியம் என்று சட்டமே சொல்கிறது. மூன்றில் ரொம்ப உறுதியான காகிதம் இதுதான் என்பேன்.

அதற்கு விலை 30 நாள். இருவரில் ஒருவராவது குறைந்தது 30 நாள் வசித்த மாவட்டத்தில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அது அலுவலகத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டப்படும், 30 நாளுக்குள் யாரும் ஆட்சேபம் சொல்லலாம். நிரந்தர முகவரி வேறு மாவட்டம் என்றால் அங்கேயும் ஒரு நகல் போகும். சாதி மறுத்தோ மதம் கடந்தோ கட்டிக்கொள்ளும் பிள்ளைகளுக்குத்தான் இந்தச் சட்டம் அதிகம் தேவை. அவர்களுடைய பெயரையும் விலாசத்தையும் ஒரு மாதம் சுவரில் ஒட்டிவைப்பது என்ன பாதுகாப்பு என்று எனக்கு இன்னும் புரியவில்லை. அறிவிப்புக் கொடுத்த நாளில் இருந்து மூன்று மாதத்துக்குள் கல்யாணம் நடக்காவிட்டால் மறுபடி முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டும்.

இதே சட்டத்தின் 15ஆம் பிரிவில், வேறு முறையில் ஏற்கெனவே நடந்த கல்யாணத்தையும் பதியலாம். 30 நாள் அறிவிப்பு இதற்கும் உண்டு. பதியும் நாளில் இருவருக்குமே 21 வயது முடிந்திருக்க வேண்டும். பெண்ணுக்கு 18 போதும் என்று நினைத்துப் போனால் திருப்பி அனுப்புவார்கள்.

சொத்து விஷயத்திலும் வித்தியாசம் உண்டு. சிறப்புத் திருமணச் சட்டத்தில் கட்டிக்கொண்டவர்களுக்கு வாரிசுரிமை இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1925இன்படி போகும். இருவரும் இந்துவாக இருந்தால் 1976 திருத்தத்துக்குப் பிறகு அந்த மாற்றம் கிடையாது, இந்துக்களுக்கான வாரிசுரிமைச் சட்டமே தொடரும்.

என்னைக் கேட்டால்: கல்யாணமாகி 90 நாள் தாண்டவில்லையா, எந்த மதமானாலும் முதலில் 2009 சட்டத்தில் பதிந்துவிடுங்கள். அதுதான் கட்டாயம், செலவும் குறைவு. 150 நாள் தாண்டிய இந்துத் தம்பதிக்கு 1955 சட்டம். இருவரும் வேறு வேறு மதம், யாரும் மாறப் போவதில்லை என்றால் ஒரு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு 1954 சட்டம்.

எந்தச் சட்டமானாலும் எல்லோரும் தடுக்கி விழுவது இனிஷியலில்தான். பதிவுத்துறையின் இணையதளத்தில் விண்ணப்பத்தை நீங்களே நிரப்பலாம், அலுவலகத்துக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் பத்திர எழுத்தரிடமும் கொடுக்கலாம். அவருக்கு எந்த மேஜையில் என்ன கேட்பார்கள் என்பது அத்துபடி. ஆனால் உங்கள் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் எப்படி விரிந்திருக்கிறது என்பது தெரியாது. என் தங்கை கல்யாணத்தில் அப்படித்தான் ஆனது. ஆதாரில் வெறும் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப் பெயர், எழுத்தர் மூன்றாவதாக ஒரு எழுத்துக்கூட்டல். அவசரத்தில் நாங்களும் கையெழுத்துப் போட்டுவிட்டோம். மாப்பிள்ளை துபாயில். பிழையைத் திருத்தி வாங்கும்வரை விசா வேலை நகரவில்லை.

சான்றிதழ் தொலைந்தால் பயப்பட வேண்டாம். பதிவேடு அலுவலகத்தில்தான் இருக்கிறது, விண்ணப்பித்தால் சான்றிட்ட நகல் கிடைக்கும். பதிவு எண்ணும் ஆண்டும் கையில் இருந்தால் வேலை சுலபம். இல்லாவிட்டால் பெயரையும் திருமணத் தேதியையும் வைத்துத் தேட வேண்டும், அங்கேயும் எழுத்துக்கூட்டல் உதைக்கும். ஜெராக்ஸில் கெஜட்டட் ஆபீசர் கையெழுத்து வாங்கியது சான்றிட்ட நகல் ஆகாது. பதிவேட்டை வைத்திருக்கும் அலுவலகம் தருவதுதான் அது.

வெளிநாட்டுக்கு என்றால் எந்த நாடு என்பதைப் பொறுத்து இன்னொரு படி ஏற வேண்டும். சிங்கப்பூர் போல அப்போஸ்டில் (ஆவணம் உண்மையானது என்று பிற நாடுகளும் ஏற்கும் சான்று முத்திரை) உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளுக்கு, மாநில அரசின் சான்றொப்பத்துக்குப் பிறகு வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் வாங்கினால் முடிந்தது. துபாய், அபுதாபி என்றால் அதற்கு மேல் அமீரகத் தூதரகத்தின் முத்திரையும் வேண்டும். முத்திரைகள் எல்லாம் மூலச் சான்றிதழின் முதுகில் ஏறுவதால், அலுவலகத்துக்குப் போன கையோடு கூடுதலாக இரண்டு சான்றிட்ட நகல்கள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.