பாலிக் பூலாவில் வாங்கிய பேசில்லஸ் தூள்: மிளகாய் வளர்ப்பவர்களுக்கு

பினாங்கில் செப்டம்பர், அக்டோபர் மழை பிடித்துக்கொண்டால் மிளகாய்ப் பழத்தில் குழி விழுந்த கரும்புள்ளி வந்துவிடும், அப்புறம் அழுகிக் கொட்டுவதுதான். கொலெட்டோட்ரிக்கம் என்ற பூஞ்சையின் வேலை அது. அதற்காக பாலிக் பூலாவ் பக்கம் ஒரு நாற்றுக் கடையில் பேசில்லஸ் சப்டிலிஸ் தூள் வாங்கினேன், 200 கிராம் பாக்கெட் 22 வெள்ளி (ரிங்கிட்). இந்த மழைக்கு என் மாடித் தொட்டிகளில் அழுகல் நன்றாகவே குறைந்திருக்கிறது, எனக்கு முழுத் திருப்தி.

இது ரசாயன மருந்து இல்லை, உயிருள்ள பாக்டீரியா. வித்து நிலையில் உறங்குவதால்தான் காய்ந்த தூளாகவே பாக்கெட்டில் தாங்குகிறது. மண்ணில் ஊற்றினால் விழித்து வேரில் படரும், இதில் சில ரகங்கள் வேருக்குள்ளேயே நுழைந்து செடிக்கு எந்தக் கெடுதலும் இல்லாமல் அங்கேயே குடியிருக்கும். அங்கிருந்து ஐடூரின், ஃபெஞ்சைசின், சர்ஃபாக்டின் என்று கொழுப்பு வாலும் அமினோ அமில வளையமும் சேர்ந்த பொருள்களைச் சுரக்கும். முதல் இரண்டும் பூஞ்சையின் செல் சவ்வில் ஓட்டை போடுகின்றன. சர்ஃபாக்டின் சோப்பு மாதிரி, பாக்டீரியா வேரில் பரவ உதவுவதோடு செடியின் சொந்த எதிர்ப்புச் சக்தியையும் தட்டி எழுப்புகிறது. இத்தனை பெரிய வேலையை இத்தனூண்டு உயிர் செய்வதை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே வியப்பாக இருக்கிறது.

ஆனால் அழுகிய பழத்தை இது காப்பாற்றாது. மழைக்கு முன்னாலேயே, நாற்று நடும்போதே ஆரம்பிக்க வேண்டும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், அதனால் முந்தின இரவே வாளியில் பிடித்துத் திறந்து வைத்துவிட்டு, மறுநாள் வெயில் தாழ்ந்ததும் கரைத்து ஊற்றுகிறேன். செம்பு கலந்த மருந்தோடு சேர்க்காதீர்கள், அது பாக்டீரியாவையும் பாதிக்கலாம்.

கடையைப் பற்றித்தான் வருத்தம். “இலைச் சுருட்டைக்கும் கேக்கும்க்கா, தாராளமா போடுங்க” என்றார் கடைக்காரத் தம்பி. கேட்காது! மிளகாயில் அந்தச் சுருட்டை பல சமயம் வெள்ளை ஈ கொண்டுவரும் வைரஸ், பூஞ்சையைத் துளைக்கும் பொருளுக்கு அதில் வேலையே இல்லை. அதை நம்பி ஒரு பாட்டி இரண்டு பாக்கெட் வாங்கிப் போனதைப் பார்த்தபோது மனசு கஷ்டமாகிவிட்டது. தம்பியிடம் எடுத்துச் சொன்னேன், பொறுமையாகத்தான் கேட்டுக்கொண்டார்.

இன்னொன்று, பாக்கெட்டில் எந்த ரகம், ஒரு கிராமில் எத்தனை உயிர் வித்து என்று எதுவும் போடவில்லை, காலாவதித் தேதி மட்டும்தான். இந்த விலைக்கு அதைக் கட்டாயம் அச்சடிக்க வேண்டும். அடுத்த முறை அந்த விவரம் போட்ட பாக்கெட் வேறு கடையில் கிடைத்தால், கூட இரண்டு வெள்ளி ஆனாலும் அதைத்தான் வாங்குவேன்.